பச்சை இறங்கிய வினாகிரி

படலைக்கு வெளியே யாராவது இருமினால் பராசக்தி அக்கா அடுப்படியிலிருந்தே நோயைச் சொல்லிவிடுவார். “உது சளி இருமல். போத்தல் கொண்டு வந்தனீரே?” இருமியவர் போத்தலோடுதான் நிற்பார். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கைக்கு அவர்தான் ஆஸ்பத்திரி. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு மருந்தும் வராமல் அரசாங்கம் தடை போட்டிருந்த தொண்ணூற்று மூன்றில் கடையில் இருமல் மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. அக்காவின் மருந்து எந்தத் தடையையும் மதிக்காமல் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

பனங்கள்ளைப் புளிக்கவைத்து அவர் வினாகிரி எடுப்பார். ஆனால் ‘கள்ளு’ என்ற சொல் அவர் வாயில் வராது. ‘அந்தச் சாமான்’ என்று கேட்டுப் பின்வேலியால் வாங்குவார். மண்பானையில் ஒரு மாதம் புளித்ததும் வடித்து, ஆடாதோடை இலையும் இஞ்சியும் உள்ளியும் போட்டு வாய் கட்டிவிடுவார். பத்தாம் நாள் கிளாலிக் கடலேரி கடந்து வந்த வன்னித் தேன் சேரும். “வினாகிரியும் தேனும் மாமியும் மருமோளும் போலை. முதல் கிழமை சண்டை பிடிக்கும், பிறகு ஒண்டாப் போயிடும்” என்பார். அவருடைய மருமகள் கனடாவில் இருந்த துணிச்சலில்தான் இப்படிச் சொல்கிறார் என்பது என் எண்ணம்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அந்த மருந்தில் பாதி நம்பிக்கைதான். ஆனாலும் இருமல் வந்தால் வெட்கமில்லாமல் போய் நிற்பேன். ஆவணியில் ஒரு காலை அப்படிப் போனபோது, குண்டு விழுந்த அதிர்வில் மண்பானை வெடித்துவிட்டதாகச் சொன்னார். அதனால் சீதனமாக வந்த செப்புக் கிடாரத்தில் ஊறவைத்திருந்தார். உள்ளே ஈயம் பூசிய கிடாரம்.

“இந்த முறை இலை வடிவா இறங்கியிருக்கு, மாஸ்டர்” என்று அகப்பையால் அள்ளிக் காட்டினார்.

அது இலையின் பச்சை அல்ல. புகையிலைத் தோட்டத்துக்குத் தெளிக்கிற மயில்துத்தம் போல நீலம் கலந்த பச்சை. கிடாரத்தைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் ஈயம் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஈயம் பூசுகிறவர் ஊர்ப்பக்கம் வந்து மூன்று வருடமாகிறது. செம்பில் புளிப்புப் பட்டால் களிம்பு பிடிக்கும், களிம்பு நஞ்சு என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல. அவர் ஈயத்தை நம்பிவிட்டார்.

இதில் யாருக்காவது கொடுத்தாரா என்று கேட்டேன். அகப்பை அவர் கையிலிருந்து விழுந்தது.

“இப்பதான், குணத்தின்ரை பிள்ளைக்கு.”

மூன்றாவது வீட்டுக் குணலட்சுமியின் ஐந்து வயது மகள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். எனக்கு முன்னால் ஓடினார்.

இரண்டு கரண்டி உள்ளே போய்விட்டிருந்தது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அக்கா அவளைத் தூக்கி மடியில் கிடத்தி வாய்க்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்தினார். கை நிறையப் பச்சையாக வந்தது. அதைப் பார்த்தபடியே குணலட்சுமியிடம், “நான்தான் நஞ்சு தந்திட்டன், பிள்ளை” என்றார்.

நான் சைக்கிளில் பறந்துபோய் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி கனகரத்தினத்தை ஏற்றி வந்தேன். வாந்தி எடுத்ததால் பிள்ளை தப்பினாள், இனிப் பயமில்லை என்றார் அவர். அதே பச்சையில் ஒரு போத்தல் எனக்கும் வாங்கத்தானே போனேன்.

மத்தியானம் பிள்ளை பால் குடித்துவிட்டு நித்திரையானாள். கிணற்றடிக்குப் போன குணலட்சுமி வாளி நிறையத் தண்ணீரோடு வந்து அக்காவின் முன் குந்தினாள்.

“கையைக் காட்டுங்கோ அக்கா, கழுவிவிடுறன்.”

பராசக்தி அக்கா சுவரோடு ஒண்டி, பச்சை காய்ந்துபோன அந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.