கோரைத் திட்டில் ஒரு தட்டான்

லீவு நாளெல்லாம் தட்டான் பூச்சிகளைத் தேடி அலைகிறவன் நான். "உங்களுக்கு வேற வேலவெட்டியே இல்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். போன வருடம் திருமானூருக்குப் பக்கத்தில், ஒரு பாசன வாய்க்காலின் கோரைத் திட்டில் அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் வரிகள், தடித்த வால் நுனி. நான் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்த பூச்சி நிபுணர் போன் செய்து, எங்கே, எங்கே என்று கேட்டார். அருகிவரும் உயிர்களின் பட்டியலில் அந்த இனத்துக்கு எதிரே 'போதிய தகவல் இல்லை' என்றுதான் போட்டிருக்கிறதாம். பிழைத்திருக்கிறதா, அழிகிறதா என்று சொல்லக்கூட ஆளில்லை.

தட்டான் தேடி அலைகிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரிய தட்டானைக் கண்டால் இடத்தைச் சொல்ல மாட்டோம். சொன்னால் ஆளுக்கொரு கேமராவோடு வந்து கோரையை மிதித்துத் துவைத்துவிடுவார்கள். நிபுணரிடமே மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். வயலில் நின்றவர்கள், "என்னங்க சார் பாக்குறீங்க?" என்றபோது, "சும்மா காத்தாட வந்தேங்க" என்றேன். அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் எனக்கு!

இந்த வருடம் போனபோது திட்டே இல்லை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வாய்க்காலை வெட்டி, கோரையை வேரும் சேறுமாகக் கரையில் குவித்திருந்தார்கள். அந்தச் சேற்றுக்குள்தான் தட்டானின் குஞ்சுகள் வளரும். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"யாரக் கேக்கணும்? கடமடைக்குத் தண்ணி போவல, வெட்டுனோம்," என்றார் அவர்களில் மூத்த அக்கா, மண்வெட்டியைக் கீழே வைக்காமலே.

போனில் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, இதுக்குத்தானா? முன்னாடியே சொல்லியிருந்தா இந்தப் பத்தடிய வுட்டுட்டு வெட்டியிருப்போமே சார். எங்களுக்கு என்ன, அதும்மேல பகையா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரே மற்றவர்களைக் கூப்பிட்டார். ஈரம் காயாத சேற்றைக் கூடை கூடையாக அள்ளி வாய்க்கால் ஓரத் தண்ணீரில் திரும்பப் போட்டார்கள். நானும் அள்ளினேன். குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கிளம்பும்போது அக்கா தன் போனை நீட்டினார். "அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. அடுத்த தடவ வெட்டுறப்ப எல்லாருக்கும் காமிக்கிறேன்."

அனுப்பினேன். அந்த இடத்தை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சொன்னபோது அங்கே தட்டான் இல்லை.