கழக்கூட்டத்தில் ஒரு கல் கத்தி

என் அலுவலக வாழ்வில் நான் உருவாக்கியவை எல்லாம் சுற்றறிக்கைகள். கையால் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று ஜனவரியில் தோன்றியது. மட்பாண்ட வகுப்பில் இடமில்லை என்றார்கள். ஆகவே கற்காலத்துக்குப் போனேன். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் மென்பொருள் அலுவலகங்களுக்குப் பின்னால் ஒரு வீட்டுத் தோட்டத்தில், ஞாயிறுதோறும் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிக் கத்தி செய்யக் கற்றுத் தருகிறார்கள். கட்டணம் எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட.

நாகர்கோவிலில் காலை ஆறு மணிப் பேருந்து. எழுபது கிலோமீட்டர் கடந்து எட்டேகாலுக்குத் திருவனந்தபுரத்தின் தம்பானூர் பேருந்து நிலையம். மைத்துனன் செல்வமும் வந்தான். நான் தோற்பதைப் பார்க்கத்தான் வருவதாக மறைக்காமல் சொன்னான். அங்கிருந்து ஆட்டோ, முந்நூற்றைம்பது ரூபாய். எந்த ஊர், எதற்குப் போகிறோம் என்று ஓட்டுநர் கேட்டார், சொன்னேன்.

"உங்க ஊரு கல்லுதானே லாரி லாரியா இங்க வருது? அதை உடைக்க நீங்களும் பின்னாலயே வந்தோ?" என்றார்.

பயிற்சி தருபவர் அனிதா. முப்பது வயது, மற்ற நாள்களில் மென்பொருளில் பிழை தேடும் வேலை. ஆளுக்கு மூன்று கல்லும், தட்ட ஓர் உருண்டைக் கல்லும், தொடையில் விரிக்க ஒரு தோல் துண்டும் தந்து, மலையாளம் கலந்த தமிழில் விதியைச் சொன்னார்: "அவங்கவங்க கல்லால அவங்கவங்க வாழையிலையை அறுத்துக்கணும். முடியாதவங்களுக்குத் தட்டு உண்டு, கேட்டோ."

தட்டில் சாப்பிட்டால், இனி வரும் எங்கள் குடும்பக் கல்யாணங்கள் அனைத்திலும் செல்வம் அந்தத் தட்டை எனக்குப் பரிமாறுவான்.

முதல் கல்லைத் தொடையில் விரித்த தோல் துண்டின் மேல் வைத்து, உருண்டைக் கல்லைத் தலைக்கு மேல் ஓங்கி நடுவில் அடித்தேன். தூள். இரண்டாவதும் தூள். அனிதா வந்தார்.

"சார், பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் விடலாம்னு வந்தீங்களா?"

உண்மைதான். சிதறினால்தான் வேண்டுதல் பலிக்கும் என்று நாற்பது ஆண்டுகளாகப் பழகிய கை அது. இங்கே சிதறினால் சாப்பாடு தட்டில்.

"நடுவுல வேண்டாம். ஓரத்தைத் தேய்ச்சுட்டு, சரிச்சு ஒரு தட்டு. அது மதி, அவ்வளவு போதும்."

செல்வம் தன் கல்லால் அறுத்த இலையோடு திரும்பி வந்திருந்தான். "அத்தான், தட்டு சில்வரா பிளாஸ்டிக்கா, கேட்டுச் சொல்லட்டா?"

பன்னிரண்டரை மணிக்குக் கடைசிக் கல். ஓரத்தைத் தேய்த்தேன். ஓங்கவில்லை. விளிம்பை ஒட்டிச் சரிவாகத் தட்டினேன். கண்ணாடி விரிசல் விடும் சத்தத்தோடு, வெற்றிலை அகலத்தில் ஒரு சில்லு அடியிலிருந்து கழன்று தொடையில் விழுந்தது. அதன் ஓரத்தில் வெயில் ஊடுருவித் தெரிந்தது.

வாழையடிக்குப் போனேன். நடுத்தண்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. மறுபுறம் திருப்பி அறுத்தேன். இலை கையோடு வந்தது.

"ஓரம் ஆடு மேஞ்ச மாதிரியில்லா இருக்கு," என்றான் செல்வம்.

"ஆடும் இலையிலதான் சாப்பிடுது, மாப்ள. தட்டுல இல்ல."

போக விரும்புவோருக்கு: பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய செருப்பு, கனமான கால்சட்டை கட்டாயம். கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். சில்லைத் துணியில் சுற்றாமல் பைக்குள் போடாதீர்கள், பை மிஞ்சாது.

மனித இனத்துக்கு இதைக் கற்க நெடுங்காலம் ஆனதாம். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. பாயசம் இலையின் கிழிசல் வழியே ஓடப் பார்த்தது. ஓட விடவில்லை.