தராசு வீட்டு இரண்டு தட்டுகள்

தொழிற்சாலைக் கேண்டீனில் முப்பத்தொரு வருடம் கரண்டி பிடித்தவர் அவர். அங்கே அவருக்குப் பெயர் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. கூப்பிடுவதற்கு யாரும் அதை வெளியே எடுக்கவில்லை. மதியம் நானூறு பேர் தட்டை நீட்டிக்கொண்டு வருவார்கள். முதல் ஆளுக்கு என்ன விழுந்ததோ அதுதான் நானூறாவது ஆளுக்கும். ஒருநாள் ஜெனரல் மேனேஜரே, எல்லாரையும் போல நானும் ஒருத்தன் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வரிசையில் வந்து நின்றார். அவருக்கும் அதே இரண்டு கறித்துண்டு. மேனேஜர் தட்டை இழுக்காமல் ஒரு நொடி தயங்கினார். "நகருங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்றார் தராசு. மனிதர் சிவந்த முகத்தோடு நகர்ந்தார். அந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு கேண்டீன் பத்து வருடம் சிரித்தது.

பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். காதல் வந்ததும் அந்த வரிசையில்தான். "ஓரமா ஒரு துண்டு கிடக்குதே, அதையும் போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று அவள் கேட்டாள். "அது பின்னாடி வரவங்களோடது" என்றார் இவர். இப்படி ஒரு கல்லுளிமங்கனை அவள் எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால், அவளே தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகாவது கரண்டி கொஞ்சம் சாய்ந்ததா? ம்ஹூம். ஏழு மாத வயிற்றோடு வரிசையில் வந்து, "வயித்துல ஒண்ணு இருக்கு, ரெண்டு பேருக்கு வைங்க" என்று கேட்டாள். "வரிசையில ஒருத்திதானே நிக்கற?" என்று கேட்டுவிட்டு அதே அளவைப் போட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்து, தோழியின் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டாள்.

ஓய்வு பெற்ற நாளில் கேண்டீன்காரர்கள் அவருடைய கரண்டியையே பளபளவென்று தேய்த்து, மரப்பலகையில் மாட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைக் கூடத்துச் சுவரில், மகள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மகள் கட்டிக்கொண்டு போன வாரம்தான் அந்த வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. அதனால் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையான மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே தர்மசங்கடம். "மாப்பிள்ளை, சோபாவுல ஏறாதே!" என்று மாமனார் கத்த, அந்தப் பிள்ளையாண்டான் துள்ளி எழுந்து நின்ற கதையும் உண்டு. இரண்டு வருடம் கழித்து மழைக்கு ஒதுங்கிய பூனைக்குட்டி ஒன்று உள்ளே வந்து, போக மறுத்தது. மனைவி அதைச் சின்னவள் என்றாள். பெரியவள் புருஷன் வீட்டில், சின்னவள் தன் மடியில் என்பது அவள் கணக்கு.

இரண்டுக்கும் சாப்பாடு போடுவதை அவள் ஒரு பூஜை போலச் செய்தாள். மாலை ஆறு மணி, பேக்கிங் வேலை முடிந்து வந்த கையோடு. நாய்க்குப் பானையில் வெந்தது: சோறு, பூசணி, காரட், கொஞ்சம் கோழிக்கறி. நாய்க்கு உடம்பு போட்டுவிட்டது, கறியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்னவளுக்கு அதில் ஒரு பருக்கை கிடையாது. அவளுக்குத் தனியாகக் கோழி ஈரலும் இதயமும், பூனைக்கென்றே விற்கிற டப்பா உணவும். தட்டு வாஷிங் மெஷின் மேல், நாய்க்கு எட்டாத உயரத்தில். பூனை நாய் மாதிரி அள்ளி விழுங்காது. இரண்டு வாய் தின்னும், ஜன்னலைப் பார்க்கும், மறுபடி ஒரு வாய். அதுவரை நாய் கீழே நின்று ஊளையிடாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தாள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுண்டுவிரல் கனத்தில் நீளமாக அரிந்து, மொட்டைமாடியில் வலைக்கூடை போட்டு மூடிக் காயவைத்து, ஜாடியில் போட்டு வைப்பாள். ஆறு மணிக்கு ஒரு துண்டு. தோல் மாதிரி இழுபடுகிற அந்தத் துண்டை முன்னங்காலில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அரை மணி நேரம் மென்றுகொண்டிருப்பார். பல்லும் சுத்தமாகும், வாயும் மூடியிருக்கும்.

இதையெல்லாம் பார்த்துத் தராசுக்குப் பொறுக்காது. "ஒருத்திக்கு மெஷின் மேல விருந்து, ஒருத்தனுக்குத் தரையில பூசணிக்கா. என்னடி இது அநியாயம்?"

"அநியாயம் இல்லைங்க. அது வேற, இது வேற."

"என் கேண்டீனா இருந்தா இப்படி நடக்குமா?"

"உங்க கேண்டீன்ல பூனை வேலை பார்க்கலைங்க" என்பாள் அவள்.

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஐந்தே வாரத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில்கூட அவளுக்கு அந்த ஆறு மணிக் கவலைதான். "சின்னவளுக்கு டப்பாவுல இருக்கறது. மாப்பிள்ளைக்குப் பானையில இருக்கறது. மாத்திடாதீங்க."

"சரி, சரி. நீ எழுந்து வந்து நீயே போடு" என்றார் அவர்.

அவள் வரவில்லை. அவர் சொன்னபடியே செய்தார், ஜாடியில் கிழங்குத் துண்டு தீரும்வரை. மூன்று வாரம் வந்தது. அது லஞ்சம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். லஞ்சம் கொடுத்துப் பழக்கமில்லாதவர், புதிதாகச் செய்யவில்லை. அவ்வளவுதான், மாப்பிள்ளை தன் பங்கை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு மெஷினைப் பிறாண்டத் தொடங்கினார். மிரண்ட பூனை பாதியில் இறங்கி ஓடியது. கீழே விழுந்த தட்டில் இருந்ததை நாய் நக்கி, ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தது. ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் சுவரிலிருந்து கரண்டியைக் கழற்றினார்.

ஒரே பானை, ஒரே கரண்டி, தரையில் இரண்டு தட்டு, நடுவில் அவர் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் யாருடையதையும் தொட முடியாது. பூனை மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலாம் நாள் பசி வென்றது. சின்னவள் பூசணிச் சோற்றைத் தின்றாள். அன்றைக்கு அவர் மகளுக்குப் போன் போட்டு, "உங்க அம்மா பண்ணாத காரியத்தை நான் பண்ணிட்டேன்மா, ரெண்டும் ஒத்துமையா சாப்பிடுது" என்றார். மனைவி போன பிறகு அவர் குரலில் சந்தோஷம் கேட்டது அன்றைக்குத்தான். மகள் அதைக் கெடுக்க விரும்பாமல், "நல்லதுப்பா" என்றாள்.

பதினாலு மாதம் அப்படியே போனது. சின்னவள் துள்ளுவதை நிறுத்தினாள். முன்பெல்லாம் ஆறு மணிக்கு வாசலுக்குப் போய் உட்காருவாள். மனைவி ரப்பர் செருப்பு டப், டப் என்று அடிக்க வேலை முடிந்து வருகிற நேரம் அது. அவள் போன பிறகும் சில மாதம் உட்கார்ந்தாள். கதவு திறக்கும், பார்ப்பாள், இவர் என்று தெரிந்ததும் எழுந்து போய்விடுவாள். பிறகு அதுவும் நின்றது. கண் மட்டும் கருகருவென்று அகலமாக விரிந்தே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "ஏங்கிப் போச்சு அண்ணே, வாயில்லா ஜீவன்" என்றாள். அவரும் அப்படியேதான் நம்பினார். ஏங்குகிறதே என்று மடியில் போட்டுத் தடவினார். அதே கரண்டியால் இன்னொரு வாய் வைத்தார். நாய்க்கும் இன்னொரு வாய் வைத்தார், பாகுபாடு வரக்கூடாதே.

கூடத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது சோபாவை நகர்த்தி நடுவில் போட்டார்கள். சின்னவள் சமையலறையிலிருந்து நேராக நடந்து வந்து அதில் முட்டிக்கொண்டாள். பின்வாங்கி, மறுபடி வந்து, அதே இடத்தில் முட்டினாள். தராசு அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டரம்மா பூனையின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்ன சாப்பாடு கொடுக்கறீங்க ஐயா?"

"நாய்க்கு என்னவோ அதேதான் டாக்டர். சோறு, பூசணி, காரட், ரெண்டு துண்டு கறி. ஒரே கரண்டி. என் வீட்டுல பாகுபாடே கிடையாது." இதைச் சொல்லும்போது, பாவம், அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "எத்தனை நாளா?"

"பதினாலு மாசமா."

"ஐயா, பூனைக்கு டாரின்னு ஒரு சத்து வேணும். நாய் உடம்பு பெரும்பாலும் அதைத் தானே செஞ்சுக்கும். பூனை உடம்பால முடியாது, கறி மீன்லயிருந்துதான் வரணும். ரொம்ப நாள் வராம போனா கண்ணு போயிடும். இதயமும் தளர்ந்துடும்."

"நான் பட்டினி போடலையே டாக்டர். தட்டு நிறையப் போட்டேன்."

"தெரியுது ஐயா. இது பட்டினியால வந்தது இல்ல."

"இப்பவே மாத்திடறேன். கண்ணு வந்துடுமா?"

"இதயத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம். மருந்து தரேன், பூனைச் சாப்பாடு மட்டும் போடுங்க. கண்ணு வராது."

தராசு மேஜை மேல் கிடந்த சின்னவளைப் பார்த்தார். அந்த நேரத்தில் எங்கிருந்தோ அந்த வரிசை அவர் முன்னால் வந்து நின்றது. ஏழு மாத வயிறு, நீட்டிய தட்டு, சிரித்த முகம். சுற்றி நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்களே! ஒருத்தர் தட்டில் என்ன விழுந்தது என்று முப்பத்தொரு வருடம் பார்த்தவர், தட்டை நீட்டிய ஆளை ஒருநாளும் பார்க்கவில்லை. அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, முகத்தைத் துண்டில் மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து, "பக்கத்துல நாய் நின்னா இது நிம்மதியா சாப்பிடாதே. அதுக்கு மெல்ல ஏதாவது கொடுத்து உக்கார வைங்க" என்றார். "கடையில வெள்ளையா முடிச்சுப் போட்டு விக்கற தோல் வேணாம், ஊறித் தொண்டையில மாட்டும். கெட்டி எலும்பும் வேணாம், வயசான பல்லு உடையும். நகத்தால அழுத்தினா பள்ளம் விழணும், அதுதான் அளவு."

"சர்க்கரைவள்ளிக்கிழங்கை நீளமா அரிஞ்சு காயவெச்சு…"

"அருமை. நாளைக்கு ஒண்ணு போதும், மெல்லும்போது பக்கத்துல இருங்க. யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"வீட்டுல சொன்னாங்க" என்றார்.

கரண்டி பரண்மேல் ஏறியது. முதல் தடவை கிழங்கை மெல்லிசாக அரிந்துவிட்டார். அப்பளமாக நொறுங்கியது, மாப்பிள்ளை ஒரே நொடியில் முடித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று பார்த்தார். இரண்டாவது தடவை கட்டை கட்டையாக அரிந்து, உள்ளே காயாமல் பூஞ்சை பிடித்தது. மூன்றாவது தடவைதான் அவளுடைய சுண்டுவிரல் கனம் நினைவுக்கு வந்தது. தன் விரலை வைத்து அளந்தால் தப்பாகும், அவள் விரல் ஒல்லி. கண்ணை மூடி அந்த விரலை நினைத்துப் பார்த்துப் பார்த்து அரிந்தார்.

மூன்று மாதத்தில் சின்னவளின் நெஞ்சுத் துடிப்பு சீராகி வருவதாக டாக்டரம்மா சொன்னார். மேலே ஏறத்தான் முடியாது. தினமும் ஆறு மணிக்கு அவரே தூக்கி மெஷின் மேல் வைத்து, விழாமல் ஒரு கையை அணைகொடுத்தபடி நிற்பார். கீழே மாப்பிள்ளை மென்றுகொண்டிருப்பார்.

அன்றைக்கு மாடியில் காயவைத்த கிழங்கை எடுக்கக் கிளம்பும்போது அவருடைய செருப்பு வார் அறுந்தது. வாசலில் வேறு செருப்பு ஒன்றுதான் இருந்தது, எடுத்துப்போட மனமில்லாமல் விட்டுவைத்த அவளுடைய ரப்பர் செருப்பு. காலில் பாதிதான் நுழைந்தது. கூடையோடு படி இறங்கி வந்தார். ஆறு மணி. டப், டப் என்று அந்தத் தளர்ந்த வார் அடித்துக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு குரல் கேட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் கேட்காத குரல். சின்னவள் ஓடி வந்தாள். மேஜைக் காலில் இடித்துக்கொண்டாள், நிற்கவில்லை. சுவரில் தோளை உரசிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே வந்து அந்தச் செருப்பின் மேல் விழுந்தாள். முகத்தை அதில் தேய்த்தாள். புரண்டாள். கண் இருந்தவரைக்கும், வந்தது எஜமானி இல்லை என்று பார்த்தே தெரிந்துகொண்ட ஜீவன் அது; இப்போது அதற்குக் காது மட்டும்தான்.

தராசு மூச்சைக்கூட விடாமல் நின்றார். பேசினால் தெரிந்துபோகும். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றுவிட்டால் என்ன என்று இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும், போடாததைப் போட்டதாகக் காட்டியவர் இல்லை அவர்.

"நான்தான்மா" என்றார். "அவ இல்ல."

பூனையின் காது அவர் பக்கம் திரும்பியது. தலையைத் தூக்கி, ஒன்றும் தெரியாத அந்தப் பெரிய கண்ணால் அவர் குரல் வந்த இடத்தைப் பார்த்தது. புரளுவது நின்றது. செருப்பை விட்டு மட்டும் நகரவில்லை.

அவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மெஷின் மேல் அன்றைக்கு ஏற்றவில்லை. செருப்பிலிருந்து காலை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து, மாப்பிள்ளைக்கு ஒரு கிழங்குத் துண்டைக் கொடுத்துவிட்டு, சின்னவளின் தட்டை அவள் இருந்த இடத்துக்கே, அந்தச் செருப்புக்குப் பக்கத்துக்கே கொண்டுவந்து வைத்தார்.