டிபன் கரியருக்குள் வாட்டர்கலர்

வெளிநாடு போக விசா வந்த கிழமை எல்லோரும் சட்டிபானையை யாருக்குக் கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நான் வாட்டர்கலர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு ஒரேயொரு ஆசைதான். லாஞ்ச் மூதூர்த் துறையை விட்டு விலகும்போது கரையில் நிற்கும் அம்மாவைப் படமாகக் கீறிக் கூடவே கொண்டுபோக வேண்டும். படம் பிடிக்கலாமே என்பீர்கள். கமராவைக் கண்டால் அம்மா விறைத்துப் போவா. அது அம்மா மாதிரியே இராது.

லாஞ்சில் வைத்துக் கீறுவது லேசான வேலையா? முன்பு ஒருமுறை முயன்று, பக்கத்தில் இருந்தவர் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தைப் பச்சையாக்கி ஏச்சு வாங்கினேன். கடைசியில் டிபன் கரியர்தான் கைகொடுத்தது. மேல்தட்டில் வண்ண வில்லைகள், நடுத்தட்டில் துணியும் தூரிகைகளும், கீழ்த்தட்டில் நல்ல தண்ணீர்.

“இஞ்சாரும், ஆரும் சாப்பாடெண்டு நினைச்சு சாயத்தைத் திண்டிடப் போகினம்,” என்று சிரித்தார் என் கணவர்.

“எனக்கு உங்களை நினைச்சுத்தான் பயம்,” என்றேன்.

பயணம் சொல்ல நான் மட்டும் லாஞ்சில் கடலைக் கடந்து, அம்மாவின் ஊரான கட்டைபறிச்சானுக்குப் போய் அவவோடு ஓர் இரவு தங்கினேன். விடிய அம்மா மூதூர்த் துறைவரை வந்தா. நீலச் சேலை. லாஞ்ச் நகரத் தொடங்கியதும் அவசரமாய்க் கரியரைக் கழற்றினேன். கீழ்த்தட்டில் தண்ணீர் இல்லை. சூடான பிட்டும் சம்பலும் பொரித்த மீனும் இருந்தன.

“தண்ணியை ஏனணை ஊத்தினீங்கள்?” என்று கத்தினேன்.

“வெறுந்தண்ணியைக் கட்டிக்கொண்டு ஆரும் பயணம் போவினமோ? ஆறமுதல் சாப்பிடு பிள்ளை!” என்று கரையிலிருந்து அம்மாவும் கத்தினா.

எனக்கு வந்த கோபம்! கோபமா, அழுகையா, எனக்கே தெரியவில்லை. அம்மா சின்னதாகிக்கொண்டிருந்தா. நான் படும் பாட்டைப் பார்த்த லாஞ்ச்காரர், தண்ணீர் இறைக்கும் தகரத்தால் கடலிலிருந்து அள்ளித் தந்தார். “உப்புத் தண்ணி, தங்கச்சி, பரவாயில்லையா?”

“தண்ணி தண்ணிதானே, தாங்கோ,” என்று தூரிகையைத் தோய்த்தேன்.

இரண்டு தென்னை, துறை, அதன் நுனியில் விரல்நகம் அளவு நீலம். அவ்வளவுதான் கீறமுடிந்தது. பிறகு அழுதழுது பிட்டைச் சாப்பிட்டேன். அந்த ருசிக்கு இன்றைக்கும் நாக்கு ஏங்குகிறது.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? வீடு திரும்பி, நாங்கள் வெளிநாடு புறப்படும்வரை அந்தப் படம் ஒழுங்காய்க் காயவேயில்லை. வெயிலில் காயும், வானம் இருட்டினால் மறுபடி பிசுபிசுக்கும். “உம்முடைய படத்துக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது,” என்று கணவர் பகிடி பண்ணுவார்.

குளிர் தேசத்து வீட்டில் எந்நேரமும் ஹீட்டர் எரிந்தது. படம் நன்றாய்க் காய்ந்து, நீலத்தின்மேல் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்தது. வெளியே மழை பெய்தாலும் அது ஈரமாகவில்லை. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

அம்மா போய்விட்டா என்று தந்தி வந்தபோது பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான். என்னால் போக ஏலவில்லை. கணவர் ஊருக்குக் கடிதங்கள் எழுத உட்கார்ந்தார். நான் குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்து, படத்தை ஆவிக்குக் கிட்டப் பிடித்தேன். எங்கள் ஊரின் ஒரு மழைநாள் எனக்கு வேண்டும்போல் இருந்தது. மெல்ல மெல்ல அம்மாவின் சேலை ஈரமானது. விரலை வைத்தேன். நீலம் ஒட்டிக்கொண்டது. ஐயோ, அழித்துவிடுவேனோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க அந்தக் கையை நான் கழுவவில்லை. பிள்ளை அழுதபோதும் மற்றக் கையால்தான் அணைத்துக்கொண்டேன்.