நடிக்கிறாள் என்று எழுதியது யார்

மொட்டைக் கடிதம் வந்த அன்று எனக்கு வலி குறைவாகத்தான் இருந்தது. ஆபீஸ் சூப்பரின்டெண்ட் கூப்பிடுகிறார் என்றதும் எழுந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே முதல் மாடிக்கு ஏறிப் போனேன். ஏறி முடித்த பிறகுதான் அவர் அறைக் கதவு திறந்திருப்பதைக் கவனித்தேன். மேசைக்குப் பின்னாலிருந்து, நான் ஏறி வந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்காரச் சொல்லி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த மலையாளக் கடிதம். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. உடம்பெல்லாம் வலி என்று சொல்லி மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு நான் இடம் வாங்கியது முழு நடிப்பு என்று அது தொடங்கியது. அம்மன் கோயில் பொங்காலை அன்று பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சாலை மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு வந்தாள். வீட்டில் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்த் துணி காயப்போடுகிறாள். இவளை மெடிக்கல் போர்டுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். முதல் வரியைத் தவிர அதில் பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பானையைத் தூக்கினேன். பையைச் சுமந்தேன். மாடியும் ஏறினேன்.

தனிப்பட்ட முறையில் தான் என்னை நம்புவதாகவும், ஆனால் புகார் என்று ஒன்று வந்துவிட்டால் போர்டுக்கு அனுப்பாமல் இருக்க முடியாது என்றும் அவர் மலையாளத்தில் சொன்னார். தனிப்பட்ட முறையில் என்பதை இரண்டாவது முறையும் சொன்னார். நம்புகிறவர் எதற்கு இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு நோய்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலையில் காப்பி ஃபில்டரின் மூடியைத் திறக்க முடியாமல் போனதில் முதலாவது தெரியவந்தது. முடக்குவாதம். அதற்குச் சாட்சி உண்டு. விரல் கணுக்கள் வீங்கும், ரத்தப் பரிசோதனையில் தெரியும், எக்ஸ்ரேயில் தெரியும். ஒரு வருஷம் கழித்து வந்த இரண்டாவதன் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. அது எந்த எக்ஸ்ரேயிலும் விழாது. ரவிக்கையின் தையல் தோளில் உரசினால் வலிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை பட்டால் எலும்புவரை போகும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கல் உடைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும். ஆனால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் என் கணவரே ஒருமுறை, "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைங்கறாளே" என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் நான் அதை மறக்கவில்லை.

என்னைப் பார்க்கும் டாக்டர் சின்ன வயசுக்காரி. அவள் சொல்லித் தந்த முறைகளில்தான் என் நாள் நடக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கை இரண்டையும் கால் மணி நேரம் வைத்திருந்தால்தான் விரல் மடங்கும். வாரத்தில் ஒருநாள் ஒரு மாத்திரை, மறுநாள் முழுக்கக் குமட்டல். எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கட்டளை ஒன்று உண்டு: வலி இல்லாத நாளிலும் பாதி வேலைதான் செய்ய வேண்டும். அதை மட்டும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. நல்ல நாள் வந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். துணி, மாடி, சாலை மார்க்கெட் எல்லாம் அந்த ஒரே நாளில். அடுத்த இரண்டு நாள் படுக்கை. கடிதம் எழுதியவருக்கு நல்ல நாட்கள் மட்டும்தான் தெரிந்திருந்தன. இல்லை, தெரிந்ததில் அவற்றை மட்டும் எழுதியிருந்தார்.

யார்?

முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் ஆபீஸ் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர், சாலை மார்க்கெட்டை ஒட்டி ஆரியசாலையில் வீடு. தபால் பிரிவில் தரைத்தளத்தில் இருந்தவர் அவர்தான். டாக்டர் சர்டிபிகேட்டோடு நான் விண்ணப்பித்தபோது, எனக்கு அவர் இடத்தைக் கொடுத்து அவரை மூன்றாம் மாடி ரெக்கார்டு பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனால் எல்லோர் முன்னாலும் சூப்பரின்டெண்ட் கேட்டபோது, தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னவரும் அவரே. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு மளமளவென்று மேலே ஏறியதை நான் பார்த்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு என் மேசைக்குத்தான் வருவார். கடிதச் செய்தி பரவியதும் முதலில் வந்து என் தோளைத் தொட்டவரும் அவர்தான். அரை நாள் சந்தேகப்பட்டேன். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

அதன் பிறகு சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. நான் மாடி ஏறுவது ஆபீசில் யாருக்குத் தெரியும்? கரமனையில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி என் நாத்தனார் இருக்கிறாள். எங்கள் மாடியில்தான் வடாம் காயவைப்பாள். பொங்காலை அன்று, ஊர்ப் பெண்கள் எல்லாம் ரோட்டோரம் அடுப்பு மூட்டும்போது, எனக்குச் செங்கல் அடுக்கிக் கொடுத்தவள் அவள்தான். பெண்ணின் பள்ளிக்கூட வேலைக்காக அவள் வீட்டில் பிரின்டர் வாங்கியிருந்தார்கள். "மன்னிக்கு நன்னாத்தானே இருக்கு" என்று அவள் யாரிடமோ போனில் சொன்னதை ஒருமுறை கேட்டிருந்தேன். எல்லாம் பொருந்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வடாம் பாத்திரத்தோடு வந்தாள்.

"என்ன மன்னி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே?"

"என் ஆபீசுக்கு லெட்டர் போட்டது யாருன்னு தெரியுமா நோக்கு?"

"என்ன லெட்டர்?"

"நான் மாடிக்குப் போறது உன்னையும் உங்கண்ணாவையும் தவிர வேற யாருக்குத் தெரியும், சொல்லு."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அப்படியா நெனச்சேள்?" என்று மட்டும் கேட்டாள். பாத்திரத்தை எடுக்காமலே போய்விட்டாள். நான் அதைக் குற்றம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

போர்டுக்கு நாள் குறித்து வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தில் நான் நடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆபீஸ் வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நடை மாறிவிடும். வலி இல்லாத நாளிலும் இல்லாத நொண்டலை நொண்டினேன். யாராவது பார்த்தால் விரலை நீவிக்கொள்வேன். ஜன்னல் பக்கம் யாரோ போனைத் தூக்கினால் என்னைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று முதுகை வளைத்து உட்காருவேன். கணவர் மேலேயும் சந்தேகம் வந்தது. கழக்கூட்டத்தில் அவர் வேலை செய்யும் கம்பெனியில் பிரின்டருக்குப் பஞ்சமில்லை, அந்தப் பழைய ரிப்போர்ட் பேச்சும் இருந்தது. அவர் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லை" என்றேன்.

போர்டுக்கு முந்தைய நாள் இன்னொரு பயம் வந்தது. அன்று வலி அநேகமாக இல்லை. விரல் வீக்கம் வடிந்திருந்தது. நாளைக்கும் இப்படியே இருந்துவிட்டால்? ஆறு வருஷம் எந்த வலி போகவேண்டும் என்று கிடந்தேனோ, அது வரவேண்டுமே என்று கிடந்தேன். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் இரண்டு பெட்ஷீட்டை வாளியில் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் கையால் கசக்கிப் பிழிய ஆரம்பித்தேன். பிழிந்தால் காலையில் கணுக்கள் நிச்சயம் வீங்கும்.

கணவர் சீக்கிரம் வந்துவிட்டார். பின்கதவில் நின்றார்.

"வாஷிங் மெஷின் கேடாயிடுத்தா?"

"இல்லை."

"பின்னே?"

நான் பெட்ஷீட்டை இன்னும் இறுக்கிப் பிழிந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, என் கையிலிருந்த பெட்ஷீட்டை வாங்கித் தானே பிழிந்தார்.

"அவா எழுதினதை நீ நெஜமாக்காதே. நாளைக்கு எப்படி இருக்கோ அப்படியே சொல்லு, கேட்டியா? போச்சுன்னா போறது."

அன்றைக்குத்தான் அவர் மேலிருந்த சந்தேகம் போனது.

போர்டில் மூன்று டாக்டர்கள். மூத்தவர் தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கழுத்திலும் முழங்கையிலும் முட்டியின் உள்பக்கத்திலும் பெருவிரலால் அழுத்தினார். சில இடங்களில் என்னையறியாமல் கத்திவிட்டேன். இன்றைக்கு வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். பத்து என்று வாய்வரை வந்தது. "நாலு" என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இங்கே வருகிறவர்கள் யாரும் நாலு என்று சொல்வதில்லை என்றார். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமல் மூன்று வாரம் தவித்தேன். தரைத்தளத்திலேயே தொடரலாம் என்று உத்தரவு வந்தது. ஆபீசில் எல்லோரும் சந்தோஷம் என்றார்கள். அக்காவும் சொன்னார். இதில் யார் சந்தோஷம் பொய் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த மாதம் ப்யூன் லீவு. ரெக்கார்டு பிரிவுக்குப் போகவேண்டிய தபால்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், மேலே யாரோ இறங்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அக்கா. பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலைக் கீழே வைத்து, அடுத்த காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, படிக்குப் படி நின்று இறங்கிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. உதட்டைக் கடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து, நேராகத் திரும்பி, இரண்டு படி மளமளவென்று இறங்கினார். மூன்றாவது படியில் முட்டி மடங்கிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கணம், இவர் நடிக்கிறாரோ என்று தோன்றியது. எனக்கே தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளாக்கா?"

"என்னது?"

"முட்டு."

"அது நாலஞ்சு வருசமாச்சு மக்கா. சாரமில்ல, பெருசா ஒண்ணுமில்ல."

சேலைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது இவரிடம் நானே சொல்லியிருக்கிறேன்: நேத்து நல்லா இருந்ததுக்கா, மாடி ஏறித் துணிகூடக் காயப்போட்டேன், இன்னைக்கு அதுக்குச் சேர்த்து அனுபவிக்கிறேன். கடிதத்தில் இருந்தது அந்த வாக்கியத்தின் முதல் பாதி.

"லெட்டர் நீங்களாக்கா?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ கேப்பே கேப்பேன்னு தினமும் பயந்தேன். நீ கேக்கல்ல. நாத்தனார்னு சொன்னே. அப்பவாவது நான் வாயத் தொறந்திருக்கணும்."

"ஏன் எழுதினீங்க?"

"சார் எல்லாரும் கேக்க வச்சுத்தானே கேட்டாரு, மேல போறதுக்குப் புத்திமுட்டு, கஷ்டம் ஏதும் உண்டான்னு? நீ பக்கத்துல நிக்கே. எனக்கும் முட்டுவலின்னு சொன்னா, அவளைப் பாத்து இவளும் தொடங்கிட்டான்னு சிரிக்கமாட்டாவளா? இல்லைன்னுட்டேன். பின்னே மாத்திச் சொல்ல முடியுமா? நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்குதேன். நீ கீழ இருந்துக்கிட்டு மாடி ஏறினேன், துணி காயப்போட்டேங்கே. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது."

"மறுநாள் முடியலைன்னும் சொன்னேனேக்கா."

"சொன்னே. அது என் காதுல ஏறல்ல."

ஆரியசாலையில் ஒரு டி.டி.பி. கடையில் அடித்ததாகச் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது என்றார். அதையும் நம்பலாமா என்றுதான் யோசித்தேன். கோபம் பிறகு வந்தது, வீட்டுக்குப் போய், பாத்திரம் தேய்க்கும்போது.

அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மூன்று மாதமாக நாங்கள் பேசவில்லை. வாசலிலேயே நின்று, தப்பு என்னுடையது, எழுதினது யாரென்று தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவள் உள்ளே வரச்சொல்லிக் காப்பி கொடுத்தாள். அப்புறம் எதிரில் உட்கார்ந்து,

"நான் எழுதலை மன்னி. ஆனா நெனச்சிருக்கேன். இவ்வளவு வலிங்கறவா எப்படிப் பானையைத் தூக்கறான்னு நெனச்சேன். அதனாலதான் அன்னிக்கு ஒண்ணும் பேசாம வந்துட்டேன்" என்றாள்.

காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். இருந்தாலும், முகத்துக்கு நேராகச் சொன்னாளே என்று இருந்தது. இப்போது வடாம் காயவைக்க மறுபடி வருகிறாள். பழைய மாதிரி இல்லை. ஆனால் வருகிறாள்.

கடிதத்தைப் பற்றி சூப்பரின்டெண்டிடம் நான் சொல்லவில்லை. அக்காவுக்கு முட்டி மோசமாக இருக்கிறது, தபால் பிரிவில் பழைய பீரோவை எடுத்தால் இன்னொரு மேசை போடலாம் என்று மட்டும் சொன்னேன். இவள் எதற்கு அவளுக்காகப் பேசுகிறாள் என்பது போல் பார்த்தார். சர்டிபிகேட் வேண்டும் என்றார். அக்கா டாக்டரிடம் போக மாட்டேன் என்று இரண்டு வாரம் அடம்பிடித்தார், கடைசியில் நானே என் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர், இந்த முட்டியை வைத்துக்கொண்டா மூன்று மாடி ஏறினீர்கள் என்று கேட்டாள். அக்கா அங்கேயே அழுதுவிட்டார். நான் எக்ஸ்ரேயை வாங்கி உறைக்குள் போட்டேன்.

பீரோவை எடுக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது ஒரே அறையில் இருக்கிறோம். மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். தினமும் காலையில், நான் பையை வைக்கும்போதே, "இன்னைக்கு எப்படி இருக்கு மக்கா?" என்று கேட்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். எப்படி இருந்தாலும் "பரவாயில்லைக்கா" என்றுதான் சொல்கிறேன்.