கண் சொக்கினால்

எங்கள் தெரு பஸ் டிரைவரைச் சிடுமூஞ்சி என்பார்கள். விடியுமுன் எழுந்து அந்த நெரிசலில் பஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

மதியம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், மனைவி நாலு மாதப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுத் துணிக்கடை வேலைக்கு ஓடுவாள். பிள்ளை அப்பாவின் நெஞ்சில் போட்டால்தான் தூங்கும். கீழே விட்டால் ஊரைக் கூட்டும்.

அன்று பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தவருக்கு இமை கனத்தது. வேலையில் பழகிப்போன கனம். தள்ளாடி எழுந்து, குழந்தைக் கட்டிலில் கிடந்த குட்டித் தலையணையையும் போர்வையையும் எடுத்து வெளியே போட்டார். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தார். அது வீறிட்டது.

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தார். "நெஞ்சுலயே தூங்கிட்டிருந்துச்சே மாப்ள, ஏன் இறக்கினீங்க?"

"கண்ணு சொக்குது அத்தை. சொக்கினா வண்டிய ஓரங்கட்டிடணும். நான் அசந்து, பிள்ள சோபா இடுக்குல சரிஞ்சா மூச்சு முட்டிடும்."

"தலையணை என்ன பாவம் பண்ணுச்சு? ஆசையா வாங்கினேன்."

"மூக்க அடைச்சா, பிள்ளைக்குத் தள்ளிவிடத் தெரியுமா?"

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போனார். டிரைவர் தரையில் உட்கார்ந்து, கட்டில் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தட்டிக்கொடுத்தார்.

அழுகை அடங்கியதும் மாமியார் எட்டிப் பார்த்தார். வெறும் மெத்தையில் பிள்ளை மல்லாந்து தூங்கியது. தரையில் அப்பா வாயைப் பிளந்து தூங்கினார். அவர் தலைக்கடியில் அந்தக் குட்டித் தலையணை.

"வாங்கினது வீணாப் போகல" என்றபடி மாமியார் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.