அம்மா பார்த்துச் சொன்ன இடது ஓரம்

ஈரமான பழைய பருத்திச் சேலைத் துண்டின் வாசனை... மழைநாளில் எந்தக் காருக்குள் ஏறினாலும் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பழைய மாருதியில் மழை வந்தால் கண்ணாடியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் உள்பக்கம் ஆவி படியும். பின்சீட்டிலிருந்து எக்கி, முன்கண்ணாடியை அந்தத் துண்டால் துடைப்பது என் வேலை. ஒன்பது வயது இருக்கும்.

அந்த வருடம் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் செய்தி கொண்டுபோவது நான்.

அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. புனேயில் கட்கி குவார்ட்டர்ஸில் இருந்தோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா எதிர்பார்த்தது தன் ஊரான திருச்சிக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். கடைசியில் அது வந்தது. வேண்டாம் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அம்மாவுக்கே தெரிந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளி லீவில் என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கே வந்துவிடுவதாகவும், அங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிடுவதாகவும் அம்மா ஃபோனில் சொன்னதைக் கேட்டேன். பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கிக் கட்டிலுக்கு அடியில் காத்திருந்தது.

"உங்க அப்பாவுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? வாளி நெறஞ்சு வழியுது."

"அப்பா, வாளி நெறஞ்சிருச்சாம்."

"இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் கை இருக்கான்னு கேளு."

"அம்மா, அப்பா வராராம்."

இப்படி முள்ளை எடுத்துவிட்டுத்தான் பரிமாறுவேன்.

ஆகஸ்ட் மாத லீவு நாள் ஒன்றில், தாம்ஹினி மலைப்பாதையில் அருவி பார்க்கக் கூட்டிப்போவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனக்காக அம்மாவும் வந்தாள். எலுமிச்சை சாதம், வாந்திக்கு ஆரஞ்சு மிட்டாய், முன்சீட்டில் இருவர், இடையில் எட்டிப் பார்க்கும் என் தலை... முள்ஷி ஏரி தாண்டும்வரை ஒரு பேச்சும் இல்லை.

மலை ஏறும் இடத்தில் நிறுத்தி, சுட்ட சோளம் வாங்கினோம். விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "தாயி, புடே காஹி திஸத் நாஹி" என்றாள்.

அம்மா என்னிடம் திரும்பினாள். "முன்னாடி ஒண்ணும் தெரியலையாம், உங்க அப்பாகிட்ட சொல்லு."

"எனக்கும் மராத்தி தெரியும்னு சொல்லு."

இரண்டு வளைவு கூடப் போயிருக்க மாட்டோம். மலை இல்லை, மரம் இல்லை, அருவியின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. முன்னால் வெறும் வெள்ளை மூட்டம். நின்றால் பின்னால் வரும் லாரி இடிக்கும் என்று அப்பா ஊர்ந்தே போனார். அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை மழையில் நீட்டி, ரோட்டின் ஓரத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப ஓரமாப் போறாருன்னு சொல்லு."

"அப்பா, ரொம்ப ஓரமா..."

நான் சொல்லி முடிப்பதற்குள் இடது சக்கரம் தாரை விட்டு இறங்கி, சரளைக்கல் நொறுங்கியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

"ஏங்க, வலது பக்கம் ஒடிங்க. ஒடிங்க."

அப்பா ஒடித்தார். சக்கரம் மேலே ஏறியது.

அதன் பிறகு அம்மா என் வழியாகச் சொல்லவே இல்லை. "இடம் இருக்கு... இருக்கு... கொஞ்சம் வலது... கல்லு வருது, மெதுவா..." அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். அம்மாவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் கியர் மேல் சொட்டியது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் இது நின்றுவிடுமோ என்று பயம். கையிலிருந்த சோளம் ஆறிப்போனது.

மூட்டம் கொஞ்சம் விலகி, எதிரே வந்த சிவப்பு பஸ்ஸின் விளக்கு தெரிந்தபோது அப்பா சொன்னார்: "கேக்காம எழுதிக் குடுத்தது தப்புதான், லலிதா."

அம்மா ஓரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரோட்டப் பாருங்க."

அவ்வளவுதான். சூட்கேஸ் இன்னும் சில நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. பிறகு ஒருநாள் அம்மா அதில் கம்பளிகளை அடுக்கி மூடினாள். "ஏங்க, இத மேல வைங்க" என்று அப்பாவிடமே சொன்னாள். நான் நடுவில்தான் நின்றிருந்தேன், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல்.

அம்மா மன்னித்தாளா என்று தெரியாது. திருச்சி என்ற பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அப்பா இருந்தவரை அது மாறவில்லை.

அப்பா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. அம்மா இப்போது புனேயிலேயே, பாணேரில் என்னோடு இருக்கிறாள். திருச்சிக்கு வந்துவிடச் சொல்லி மாமா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கீழ்வீடு காலியாக இருக்கிறதாம்.

போன ஜூலையில் அம்மாவை அதே மலைப்பாதையில் கூட்டிப்போனேன். இந்தக் காரில் ஒரு பட்டனைத் தட்டினால் ஆவி கலைந்துவிடுகிறது. வளைவு வருவதை ஃபோன் முன்கூட்டியே சொல்கிறது. துணிக்கும் வேலையில்லை, பின்சீட்டில் ஆளும் இல்லை.

ஆனாலும் மூட்டம் இறங்கியதும் அம்மா கண்ணாடியை இறக்கினாள். நான் ஏசியை அணைத்தேன். நரைத்த தலை மழையில் நனைந்தது.

"இடம் இருக்கு... இருக்கு..."

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். "மாமா கூப்பிட்டாரே... திருச்சிக்குப் போறியாம்மா?"

அம்மா ஓரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரோட்டப் பாரு."